பேர்ல் ஃப்ரையரின் தோட்டம்: பரிசுக் கதை மறைப்பது என்ன?

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலம், லீ கவுண்டியில் பிஷப்வில் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் பருத்திக்காடு. ஊருக்குள் ஒரு பருத்தி அருங்காட்சியகம் உண்டு. 1988-ல் பக்கத்துச் சதுப்பில் ‘பல்லி மனிதனை’ப் பார்த்ததாக ஒரு புரளி கிளம்பி, கொஞ்ச நாள் பத்திரிகைக்காரர்களை அங்கே ஓட வைத்தது. இந்த ரெண்டையும் விட்டால், வெளியூர்க்காரர்கள் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவதற்கு முக்கியக் காரணம் பேர்ல் ஃப்ரையர் என்பவரின் வீட்டுத் தோட்டம். 3 ஏக்கர் சொச்சம். 300-க்கும் மேற்பட்ட செடிகளும் மரங்களும். அத்தனையும் ஒரே ஆள் ஏணியில் நின்று வெட்டி வடிவம் கொடுத்தவை.

ஆங்கிலத்தில் இந்தக் கலைக்கு டோபியரி என்று பெயர். செடியை வருஷக்கணக்கில் கத்தரித்துக் கத்தரித்து உருவமாக்குவது. நம்மூர்ப் பூங்காக்களில் யானை, மயில் என்று வெட்டி வைத்திருப்பார்களே, அந்த வகை. ஆனால் ஃப்ரையர் தோட்டத்தில் யானையையும் மயிலையும் தேடினால் ஏமாற்றம்தான். அங்கே இருப்பவை பெரும்பாலும் இன்னதென்று பெயர் சொல்ல முடியாத வடிவங்கள். சுருள்கள், நடுவில் ஓட்டை விட்ட வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் தட்டுகள். மீன்முள் மாதிரி கிளைகளை மட்டும் விட்டு நடுவெல்லாம் காலி செய்த மரம் ஒன்று ரொம்பப் பிரசித்தம்.

இவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்தக் கதை உண்மைதான். ஆனால் அது தோட்டத்தைப் பார்க்கவிடாமல் மறைக்கிறது என்பது என் கட்சி.

முதலில் கதை

ஃப்ரையர் 1939-ல் வட கரோலினாவில் பிறந்தவர். வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பம். கல்லூரி, ராணுவம், அதன்பிறகு கேன் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. அந்த வேலைதான் 1976-ல் அவரையும் மனைவியையும் பிஷப்வில்லுக்குக் கொண்டுவந்தது. ஒரு பகுதியில் வீடு பார்த்தபோது அங்கிருந்த வெள்ளையர்கள் தயங்கினார்கள். கறுப்பர்கள் வீட்டு முற்றத்தை ஒழுங்காக வைத்திருக்க மாட்டார்களாம். அவர் வேறு இடத்தில் மனை வாங்கி வீடு கட்டினார்.

அந்த ஊர்த் தோட்டக் கழகம் மாதாமாதம் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, ‘இந்த மாதத்தின் சிறந்த முற்றம்’ என்று வாசலில் பலகை நட்டுவைக்கும். அந்தப் பலகை தன் வாசலில் நிற்கணும்னு முடிவு பண்ணினார். தோட்டக்கலை படித்தவரில்லை. பக்கத்து கேம்டனில் ஒரு நர்சரியில் வெட்டி உருவம் கொடுத்த செடி ஒன்றைப் பார்த்து, எப்படிச் செய்வது என்று கேட்டார். கிடைத்தது 3 நிமிடப் பாடம். இந்தக் கலையில் அவருக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். நட்ட செடிகளில் நிறைய, இனி விற்காது என்று நர்சரிக்காரர்கள் குப்பையில் போட்டவை. தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் முடித்து வந்து, ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஹெட்ஜ் டிரிம்மரோடு ஏணி ஏறுவார். வீடு ஊர் எல்லைக்கு வெளியே இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பரிசு தரும் வழக்கம் கழகத்துக்கு இல்லை. அதையும் தாண்டி 1980களின் நடுவில் பலகை வந்து சேர்ந்தது. அந்தப் பரிசு வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

2006-ல் ஸ்காட் கேலோவேயும் பிரென்ட் பியர்சனும் எடுத்த ‘எ மேன் நேம்டு பேர்ல்’ ஆவணப்படம் இந்தக் கதையை உலகத்துக்குக் கொண்டுபோனது. நல்ல படம். ஊர் ஜனங்களைப் பேசவிடுகிறது, தேவாலயத்துக்குள் போகிறது, சுற்றிப் பார்க்க வருபவர்களோடு அவர் பேசுவதைக் காட்டுகிறது. அந்த மனிதரைப் பிடிக்காமல் யாரும் படத்தை முடிக்க முடியாது. எனக்கும் பிடித்தது. அதனால்தான் அதோடு சண்டை போடத் தோன்றுகிறது.

கணக்கு உதைக்கிறது

அவமானம், உழைப்பு, பரிசு, ஊர் பெருமைப்படுதல். கதையின் எலும்புக்கூடு இந்த நாலுதான். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தப்பாக நினைத்தவர்கள் ஒன்றுமே செய்யவில்லை. தப்பாக நினைக்கப்பட்டவர் வருஷக்கணக்கில் ராத்திரி ஏணியில் நின்றார். பக்கத்துத் தெரு வெள்ளைக்காரருக்கு வாராவாரம் புல் வெட்டினாலே கிடைக்கும் மரியாதையை, இவர் ஓர் அதிசயத்தைக் கட்டியெழுப்பி வாங்க வேண்டியிருந்தது. இதை நல்லிணக்கக் கதை என்று சொல்லும்போது, விலை யார் தலையில் விழுந்தது என்ற கேள்வி காணாமல் போகிறது. படம் அவமானத்தைச் சொல்கிறது. விலையைச் சொல்லாமல் தாண்டிப் போகிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் முக்கியம். பரிசுக் கதை, தோட்டத்தை விளக்கவே இல்லை. முற்றப் பரிசு கேட்பது சுத்தத்தை. புல் ஒரே உயரம், வேலிச்செடி ஒரே மட்டம், பூப்பாத்தி ஒரே வரிசை. பலகைதான் குறி என்றால் அதோடு நிறுத்தியிருக்கலாம். பலகை வந்த பிறகும் அவர் 20 வருஷத்துக்கு மேல் வெட்டிக்கொண்டே இருந்தார். வெட்டியதும் எந்தத் தோட்டக் கழகத்தின் இலக்கணத்துக்குள்ளும் அடங்காதவை. ஒழுங்கை நிரூபிக்க ஆரம்பித்த மனிதர், ஒழுங்குன்னா என்னன்னே தெரியாத மாதிரி ஒரு இடத்தை உருவாக்கியிருக்கிறார். சுவாரசியமான கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. பரிசு அவரை ஏணி ஏற வைத்தது. ஏறிய பிறகு அவரை அங்கேயே நிற்க வைத்தது எது?

அதற்குப் பதில் பேட்டிகளில் கிடைக்காது. செடிகளைப் பார்க்க வேண்டும்.

வெட்டினால் என்ன நடக்கிறது

செடியின் நுனி மொட்டு, ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பி, பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியை வெட்டினால் அடக்குமுறை போய், பக்க மொட்டுகள் கிளம்பும். ஒரு நுனி இருந்த இடத்தில் ரெண்டு மூன்று. அதையும் வெட்டினால் இன்னும் அதிகம். சில வருஷத்தில் மேற்பரப்பு சுவர் மாதிரி அடர்த்தியாகிவிடும். வெளியிலிருந்து கெட்டிப் பொருள் போலத் தெரியும். உள்ளே கையை விட்டால் வெளிச்சம் போகாத வெறும் குச்சிகள்தான். டோபியரி என்பது உள்ளே காலியான ஒரு பச்சைத் தோல்.

இதில் மரத்துக்கு மரம் பெரிய வித்தியாசம் உண்டு. யூ, ஹோலி, பிரிவெட் போன்றவை பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். தப்பாக வெட்டினாலும் பொறுத்திருந்தால் திரும்ப வரும். ஜூனிபரும் லேலண்ட் சைப்ரஸும் அப்படியில்லை. பச்சை இருக்கும் எல்லையைத் தாண்டி உள்ளே வெட்டிவிட்டால் அந்த இடம் பழுப்பாகவே நிற்கும். ஃப்ரையர் தோட்டத்தில் இந்த இரண்டாவது ரகமும் நிறைய. லேலண்ட் சைப்ரஸ் நல்ல நிலத்தில் வருஷத்துக்கு 3 அடி வரைகூட வளரும். வேகமாக வளரும், பின்வாங்கத் தெரியாது. அதில் ஓட்டை போட்டு உருவம் செய்வது, அழிரப்பர் இல்லாமல் பேனாவில் படம் வரைகிற மாதிரி.

மரபில் இந்தக் கலை நேர் எதிராகத்தான் நடந்தது. இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் தோட்டம் 1690களில் போடப்பட்டது. அங்கே யூவும் பாக்ஸ்வுட்டும், அதாவது மன்னிக்கும் செடிகள். பிரபு வீட்டுப் பணம், சம்பளத்துக்குத் தோட்டக்காரர்கள். முதலில் வடிவத்தைத் தீர்மானிப்பார்கள், பிறகு செடியை அதற்குள் அடைப்பார்கள். கம்பிச் சட்டம் வைத்து அதை நிரப்ப வளர்ப்பதும் உண்டு. வடிவம் முதலில், செடி பிறகு.

ஃப்ரையரின் செடிகளைப் பார்த்தால் வரிசை திரும்பியிருப்பதாகத் தோன்றுகிறது. அவருடைய ஆரம்பச் சரக்கு, பாதி காய்ந்த, ஒருபக்கம் கிளையே இல்லாத குப்பைச் செடிகள். அப்படிப்பட்ட செடியை உருண்டையாகவோ கூம்பாகவோ வெட்ட முடியாது. காலியான பக்கம் காட்டிக் கொடுத்துவிடும். ஒரே வழி, காலியான பக்கத்தையும் வடிவத்தின் பாகமாக்குவது. அந்த ஓட்டைகளும் ஒருபக்கச் சாய்வும் அவருடைய முத்திரை ஆனதற்கு இந்தக் குப்பைச் செடிகள்தான் காரணம் என்பது என் வாசிப்பு. பின்னால் முழு ஆரோக்கியமான மரம் கிடைத்தபோதும் அவர் அதில் காலி இடத்தை உண்டாக்கினார். வறுமையிலிருந்து வந்த உத்தி பாணியாக மாறிய இடம் இது.

செடிகளைக் கவனித்துக்கொண்ட விதத்திலும் இதே சிக்கனம் தெரிகிறது. உரம், பூச்சிமருந்து போடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். செடியைச் சுற்றிப் பள்ளம் தோண்டி பைன் சருகை நிரப்பிவிடுவது, அவ்வளவுதான்.

‘தானே கற்றுக்கொண்டவர்’ என்ற அடைமொழி எனக்கு உறுத்துவது இதனால்தான். வடிவமைப்புப் பள்ளிக்குப் போகாதவர் என்ற அளவில் சரி. ஆனால் கல்லூரி பார்த்தவர், தொழிற்சாலையில் இயந்திரங்களோடு வாழ்ந்தவர். எதை எவ்வளவு வளைக்கலாம், எந்த இடத்தில் உடையும் என்பதை ராப்பகலாகப் பார்த்த கண் அது. ‘தானாகவே வந்தது’ என்று சொல்லும்போது பாராட்டுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் அது அவருடைய யோசனையைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதிசயத்தை வைக்கிறது.

தரையில் எழுதியவை

தோட்டத்தின் தரையில் பெரிய எழுத்துகளில் அன்பு, அமைதி, நல்லெண்ணம் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை வெட்டி, உள்ளே பூச்செடிகள் வைத்திருக்கிறார். அன்புச் செய்தி சொல்கிற தோட்டம் என்று எல்லோரும் புகழ்வது இதை வைத்துத்தான்.

கலையாகப் பார்த்தால் தோட்டத்திலேயே பலவீனமான பகுதி இதுதான் என்பேன். மரங்கள் யோசிக்க வைக்கின்றன. எழுத்துகள் யோசித்து முடித்ததைச் சொல்கின்றன. ஆனாலும் இன்னொரு தோட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு இது வேறுமாதிரி தெரிந்தது. சுமார் 1900 வருஷத்துக்கு முன் ரோமானியர் இளைய பிளினி, தன் டஸ்கனி வீட்டைப் பற்றிய கடிதத்தில், பாக்ஸ்வுட் செடிகளை எழுத்து வடிவில் வெட்டியிருந்ததைச் சொல்கிறார். அந்த எழுத்துகள் சில இடத்தில் எஜமானின் பெயர், சில இடத்தில் வெட்டிய கைவினைஞனின் பெயர். செடியில் எழுத ஆரம்பித்ததுமே மனுஷன் எழுதியது தன் பெயரை. ஃப்ரையர் 3 ஏக்கரும் தன்னுடையதாக இருந்தும், வந்து போகிறவர்களுக்கான சொற்களை எழுதினார். இதை மறந்துவிட்டு அந்த எழுத்துகளை எடைபோடுவது நியாயமில்லை.

இன்னொரு தோட்டக்காரர், இன்னொரு படம்

ஃப்ரையர் படத்தைப் பார்ப்பவர்கள் எரால் மாரிஸின் ‘ஃபாஸ்ட், சீப் அண்ட் அவுட் ஆஃப் கன்ட்ரோல்’ படத்தையும் பார்க்க வேண்டும். 1997-ல் வந்தது. நான்கு பேரைப் பின்னிப் பின்னிக் காட்டும்: சிங்கம் பழக்குபவர், மோல் ரேட் எலிகளை ஆராய்பவர், ரோபோ விஞ்ஞானி ராட்னி புரூக்ஸ், அப்புறம் ஜார்ஜ் மென்டோன்சா. மென்டோன்சா ரோட் ஐலண்டில் கிரீன் அனிமல்ஸ் என்ற தோட்டத்தின் மேற்பார்வையாளர். அங்கே கரடி, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் உண்டு. அவருடைய மாமனார் ஆரம்பித்த வேலை. பருத்தி மில் நிர்வாகி ஒருவரின் வீட்டுத் தோட்டம். அவர் நம்பியது கையால் வெட்டும் கத்தரிக்கோலை.

மாரிஸின் படத்தில் பரிசு இல்லை, ஊர் இல்லை, பாடம் இல்லை. ஒரு வயதானவர் கிளைகளுக்கு நடுவே நின்று, எதை வெட்டுவது, எத்தனை வருஷம் காத்திருப்பது என்று பேசுகிறார். தனக்குப் பிறகு யார் இதைச் செய்வார்கள் என்று கவலைப்படுகிறார். ஃப்ரையருக்கும் இப்படி ஒரு கேமரா கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். மனிதரைப் பற்றிப் பேசும் வாய்களைக் குறைத்து, வெட்டும் கையைப் பத்து நிமிஷம் சும்மா காட்டியிருக்கலாம். ஒரு கிளையை விடுவதா எடுப்பதா என்று அவர் நின்று பார்ப்பதை நாமும் நின்று பார்த்திருக்கலாம்.

இது வெறும் ரசனைக் குறை இல்லை. ஏன் என்பது அடுத்த விஷயத்தில் தெரியும்.

அவர் கை ஓய்ந்த பிறகு

வயதும் உடல்நிலையும் ஃப்ரையரை ஏணியிலிருந்து இறக்கின. இந்தத் தோட்டத்தில் ஒரு பருவம் வெட்டாமல் விட்டாலே கோடுகள் மழுங்கும். சில பருவம் விட்டால் உருவம் வெறும் மரமாகிவிடும். 2021-ல் அட்லாண்டா தாவரவியல் பூங்காவும் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் மெக்கிஸிக் அருங்காட்சியகமும் உதவிக்கு வந்தன. ஓஹையோவின் யங்ஸ்டவுனைச் சேர்ந்த டோபியரி கலைஞர் மைக் கிப்சன் அங்கே தங்கி மீட்பு வேலையில் இறங்கினார். அவரும் கறுப்பினத்தவர், ஃப்ரையரைப் பார்த்து ஊக்கம் பெற்றவர்.

இப்போது கேள்வி. கிப்சன் வெட்டிய பிறகு அது யாருடைய சிற்பம்?

கிரீன் அனிமல்ஸில் இதற்கு விடை சுலபம். ஒருமுறை புயலில் அந்த ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து போய்விட்டது. கழுத்தைக் குட்டையாக்கித் திரும்ப வளர்த்தார்கள். செடி துளிர்க்கிற ரகம், அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒட்டகச்சிவிங்கி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டக்காரர் மாறினாலும் உருவத்தின் விவரக்குறிப்பு தோட்டத்துக்கு வெளியே பத்திரமாக இருக்கிறது.

ஃப்ரையரின் மரங்களுக்கு அப்படி வெளியே ஒன்றும் கிடையாது. மென்பொருள் பாஷையில் சொன்னால், மூல நிரலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலும் ஒன்றேதான். வேறு பிரதி இல்லை. வரைபடம் போட்டு வெட்டியவரில்லை. புகைப்படங்கள் ஒரு கோணத்தை, ஒரு வருஷத்தைத்தான் காட்டும். போதாததற்கு அந்த சைப்ரஸ்கள் பின்வாங்காத ரகம். வெட்டாமல் விட்டபோது வெளியே வளர்ந்த அளவு வளர்ந்ததுதான்; பழைய கோட்டுக்கே திரும்ப வெட்டினால் பழுப்புக் கட்டைதான் மிஞ்சும். அமெரிக்கத் தெற்கின் வெப்பத்தில் லேலண்ட் சைப்ரஸுக்குப் பட்டைப் புண் நோய் வேறு அடிக்கடி வரும். ஆக, ‘பழையபடி மீட்பது’ என்பது பல மரங்களுக்குத் தாவரவியல்படியே நடக்காத காரியம்.

மிச்சம் இருப்பது மூன்று வழிகள். ஒன்று, இருப்பதை அப்படியே விட்டு, அவரோடு முடியட்டும் என்பது. நேர்மையான வழி, ஆனால் ஒரு கறுப்பினக் கலைஞரின் வாழ்நாள் வேலை காடாகிப் போவதை ‘இயற்கை’ என்று சொல்லித் தப்பிக்கிற வழியும்கூட. ரெண்டு, புகைப்படத்தைப் பார்த்து நகல் எடுப்பது. அது அருங்காட்சியக மனசு. தோட்டத்தின் குணத்துக்கே விரோதம். அங்கே எந்த மரமும் முடிந்துபோன மரமாக இருந்ததில்லை. மூன்றாவது வழி கர்நாடக இசையில் பாடாந்தரம் என்கிறோமே, அது. கீர்த்தனை ஒன்றுதான், சிஷ்யர் பாடும்போது அவருடைய குரலும் சேர்ந்துவிடும். குருவின் வழி என்று கேட்பவருக்குத் தெரியும், குருவே இல்லை என்றும் தெரியும். காலி இடத்தை எப்படிப் பார்ப்பது, குறையை எப்படி வடிவத்துக்குள் கொண்டுவருவது என்ற வழிமுறை காப்பாற்றப்படும். குறிப்பிட்ட கோடுகள் மாறும்.

நான் மூன்றாவதன் பக்கம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மறைக்கக் கூடாது. எந்த மரத்தை எந்த வருஷம் யார் திருத்தினார்கள், எந்த மரம் செத்து அந்த இடத்தில் புதிது நட்டார்கள் என்பது அங்கேயே, மரத்தின் அடியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பிளினியின் தோட்டத்தில் எஜமானின் பெயரோடு வெட்டியவன் பெயரும் செடியில் இருந்தது. பிஷப்வில்லிலும் அது இருந்தால் ஃப்ரையரின் பெருமை ஒன்றும் குறையாது. அவர் எதைச் செய்தார் என்பது இன்னும் துல்லியமாகத் தெரியும்.

வெட்டும் கையைக் கேமரா நிதானமாகப் பார்த்திருக்கணும்னு மேலே சொன்னேனே, அதன் காரணமும் இதுதான். பாடாந்தரத்துக்குக் கேள்விஞானம் தேவை. பரிசுக் கதையை எத்தனை முறை கேட்டாலும் யாருக்கும் ஒரு கிளையை வெட்டக் கற்றுக்கொடுக்காது. அவர் ஏணி ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே அங்கே போய் எடுக்கப்பட்ட படம், நமக்கு வேண்டியதில் பாதியைத்தான் கொண்டுவந்திருக்கிறது.

ரெண்டு படமும் கிடைத்தால் பாருங்கள். முதலில் மாரிஸ், பிறகு பேர்ல். இரண்டாவதைப் பார்க்கும்போது, யாராவது பேசுகிற காட்சிகளில் பேசுபவருக்குப் பின்னால் நிற்கும் மரத்தைக் கவனியுங்கள். எங்கே வெட்டியிருக்கிறார் என்று பார்ப்பதைவிட எங்கே காலியாக விட்டிருக்கிறார் என்று பாருங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் சரி.